கருமத்தம்பட்டியார் கையில் ஒரு பிடி மொச்சை

கிணத்துக்கடவு,
15.8.94, திங்கட்கிழமை.

உடுமலைப்பேட்டை தேங்காய் மண்டி உரிமையாளரும், என் மனைவி மயிலாத்தாளின் மூத்த சகோதரரும், எங்கள் கலாமணிக்குத் தாய்மாமனுமாகிய மரியாதைக்குரிய மச்சான் சுப்பண்ணன் அவர்களுக்கு, கிணத்துக்கடவு பாலுசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் யாவரும் நலம். அங்கு தாங்களும் தெய்வாத்தாள் அக்காவும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுமென்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். ஆடிக்காற்றில் தோப்பில் குரும்பை நிறைய உதிர்கிறது. அதைப் பற்றி விசாரித்து எழுத வேண்டாம், இப்போது எனக்கு அது ஒரு கவலையே இல்லை.

வீட்டில் போன் இருக்கும்போது இந்த மனிதன் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் உங்கள் தங்கை இருக்கிறாள். சனிக்கிழமை பொழுது சாய்ந்தது முதல் அவள் என்னோடு பேசுவதில்லை. காப்பி டம்ளரை மேசைமேல் வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறாள். அதனால் மோட்டார் ரூமில் உட்கார்ந்து, உர மூட்டை மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் முன்னின்று கொண்டுவந்த கருமத்தம்பட்டிச் சம்பந்தம் எல்லா வகையிலும் நல்ல சம்பந்தம். மாப்பிள்ளைப் பையன் சம்பத்குமாரை ஆனி மாதம் பார்த்தபோதே எங்கள் எல்லாருக்கும் பிடித்தது. கலாமணி சமையலறை ஜன்னல் வழியாக இரண்டு முறை எட்டிப் பார்த்தாள், மூன்றாம் முறை பார்க்கப் போனவளை உங்கள் தங்கை பிடித்து நிறுத்தினாள். ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் வருகிற முதல் வெள்ளிக்கிழமை பொழுதோடு ஏழு மணிக்கு உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துவிடலாம், அதற்குள் பெண் வீட்டார் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தாங்கள் பேசி முடித்தீர்கள். அந்த வெள்ளிக்கிழமை இதோ வந்துவிட்டது. நான் சொல்ல வேண்டிய வார்த்தையையும் சொல்லிவிட்டேன். கருமத்தம்பட்டியாரின் முகத்துக்கு நேராக, "ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

தயவுசெய்து உட்காருங்கள். அக்காவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மேலே படியுங்கள். இது எப்படி நடந்தது என்று ஆதியிலிருந்து சொன்னால்தான் என் மேல் தவறு எவ்வளவு, காற்றின் மேல் எவ்வளவு என்று தங்களுக்குப் புரியும்.

பக்கத்து வீட்டு பாலகோபால் நாயுடுவைத் தங்களுக்குத் தெரியும், பம்புசெட்டுப் பட்டறை வைத்திருப்பவர். அவர் போன தை மாதம் மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்றை ஏற்றி, வீதி முழுவதற்கும் கேபிள் இழுத்துவிட்டார். பாட்டு, படம், இந்தி நாடகம், கிரிக்கெட் எல்லாம் வந்துகொண்டிருந்தது. ஆடி பிறந்த அன்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடித்த காற்றில் டிஷ் ஒரு சாண் திரும்பிக்கொண்டது. பொழுதோடு டீவியைப் போட்டால் எல்லாச் சேனலும் புள்ளி புள்ளியாகப் போய்விட்டது, ஒன்றே ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அது சீனாக்காரன் சேனல். வீதியே நாயுடுவின் வாசலில் கூடிவிட்டது. எதிர்வீட்டு ஆமினா பீவி, "அண்ணா, அந்த நாடகத்துல பொண்ணு மாடிப்படில எறங்கறப்பப் போனதுங்க. அது எறங்குச்சா இல்லையான்னே தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்றார். நாயுடு, காற்று அடங்காமல் டிஷ்ஷில் கை வைத்தால் மெக்கானிக்கும் சேர்ந்து திரும்பிவிடுவான், ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் எல்லாக் காரியமும் ஆவணிக்குத்தான் காத்திருக்கிறது.

நான் அன்றைக்கு டீவியை அணைக்கத்தான் எழுந்தேன். கலாமணி, "இருங்கப்பா, இது என்னமோ வெளையாட்டாட்ட இருக்குது" என்றாள். திரையில் ஒரு வயசாளியும் ஒரு இளவட்டமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கட்டம் போட்ட ஒரு மரப்பலகை. வயசாளி முன்னால் ஒரு கிண்ணம் நிறைய வெள்ளைக்காய், பையன் முன்னால் கருப்புக்காய். ஒருத்தர் ஒரு காயை எடுத்துக் கோடுகள் சேருகிற இடத்தில் டக்கென்று வைப்பார். அடுத்தவர் தாடையைத் தடவுவார், தேத்தண்ணீர் குடிப்பார், ஜன்னல் வழியாக மூங்கிலைப் பார்ப்பார், பிறகு ஒரு காயை வைப்பார். சண்டை இல்லை, பாட்டு இல்லை, பேசுவது ஒரு வார்த்தை புரியவில்லை. இதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே முழுக்கப் பார்த்துவிட்டேன்.

அது பொழுதோடு வருகிற தொடர் நாடகம். மறுநாள் ஏழு மணிக்குத் தற்செயலாக டீவி முன்னால் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாள் தற்செயல் என்று சொல்ல முடியாது, தோட்டத்திலிருந்து சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தேன். மச்சான், அது வேறொன்றும் இல்லை, வேலி போடுகிற விளையாட்டு. மூலையில் முதலில் வேலி போட வேண்டும், அப்புறம் ஓரம், நடுக்காடு கடைசி. நாம் தோட்டம் வாங்கிச் சேர்க்கிற மாதிரியேதான். அடுத்தவன் காயைச் சுற்றி நாலு பக்கமும் நம் காயை வைத்துவிட்டால் அவனுக்கு வெளியே போக வண்டித்தடம் இல்லாமல் போய்விடும். தடம் இல்லாத காய் செத்தது, எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள். தடத்துக்காக நானும் மேல்தோட்டத்துக்காரனும் பொள்ளாச்சிக் கோர்ட்டுக்கு நடந்த நடை தங்களுக்குத் தெரியும். சீனாக்காரனுக்கும் இந்தத் தொல்லை உண்டு என்று பார்த்தபோது எனக்கு மனசுக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சில காய்களைச் சுற்றிலும் வளைத்த பிறகும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள். கலாமணிதான் கண்டுபிடித்தாள், கணக்குப் படித்த பிள்ளை அல்லவா. "அதுக்குள்ள ரெண்டு எடம் காலியா இருக்குது பாருங்கப்பா. ஒண்ணுன்னா அடைச்சுப்போடலாம். ரெண்டு இருந்தா அடைக்க முடியாதுங்க" என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு கிணறு உள்ள தோட்டத்துக்காரனைத் தண்ணீருக்கு அடித்து விரட்டிவிடலாம். இரண்டு கிணறு உள்ளவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் "கெணறு வெட்டிட்டான்", "தடம் போச்சு" என்று பேசிக்கொண்டே பார்ப்போம். உங்கள் தங்கை மொச்சை உரித்துக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் கெரகம் புடிச்சுப்போச்சு" என்பாள், ஆனால் இடத்தைவிட்டு எழமாட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் என் மகளோடு நான் இவ்வளவு பேசியதில்லை. இந்த ஆடி முடியவே கூடாது என்று சில நாள் நினைத்தேன். எந்தத் தகப்பனும் அப்படி நினைக்கக் கூடாதுதான், ஆனால் நினைத்தேன்.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். வயசாளி கிண்ணத்தில் கையை விட்டு ஒரு பிடி வெள்ளைக்காயை எடுத்து, மூடிய கையைப் பலகைமேல் வைப்பார். எதிரே இருப்பவன் கண்ணை மூடித் திறந்து ஒரு வார்த்தை சொல்வான். பிறகு வயசாளி கையைத் திறந்து, காய்களை இரண்டிரண்டாகத் தள்ளுவார். நம் கோயிலில் கல்யாணம் பேசுவதற்கு முன் வெள்ளைப்பூவும் செவ்வரளியும் பொட்டலம் கட்டிப் போட்டு, குழந்தையை எடுக்கச் சொல்லி, சாமி சம்மதமா என்று பூக் கேட்கிறோமே, அதுவேதான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நான் இதை யாரிடமும் கேட்கவில்லை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது. எல்லாம் ஜோடி ஜோடியாக முடிந்தால் பையன் முகம் தெளிவாக இருக்கும். கடைசியில் ஒரு காய் ஜோடி இல்லாமல் தனியாக நின்றுவிட்டால் அவன் முகம் வாடிவிடும், அன்றைக்குத் தோற்றும் போவான். ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்துவிட்டேன். ஜோடி வந்தால் உத்தரவு, ஒத்தை வந்தால் உத்தரவு இல்லை என்று மனசில் பதிந்துவிட்டது.

இப்படி இருக்கும்போது, போன சனிக்கிழமை கருமத்தம்பட்டியார் வந்தார். அதாவது மாப்பிள்ளையின் தகப்பனார் தெய்வசிகாமணி அவர்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில், ஆடி என்பதால் சம்பந்தம் பேச வரவில்லை, சும்மா எட்டிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டே காரை விட்டு இறங்கினார். தன் தறியில் ஓட்டிய ஒரு கட்டம் போட்ட பெட்ஷீட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். மணி ஏழு. ஒறம்பரை வந்திருக்கும்போது டீவியை அணைப்பதுதான் மரியாதை. நான் சத்தத்தை மட்டும் குறைத்தேன், புரியாத பேச்சுக்குச் சத்தம் எதற்கு. அவர் டீவிக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தார். நூல் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், டக், டக் என்ற சத்தம் கேட்டுக் கேட்டு மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். பிறகு உடம்பைத் திருப்பினார். பிறகு நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இதென்னுங்க, தாயமா?" என்றார்.

"இல்லீங்க, வேலி போடறதுங்க" என்று நான் தடம், கிணறு எல்லாவற்றையும் விளக்கினேன்.

"எனக்கு என்னமோ பாவும் ஊடையுமாட்டத் தெரியுதுங்க. எந்த எழை எங்க மாட்டுதுன்னு அந்தப் பெரியவரு ரொம்ப முன்னாடியே பாத்துப்போடறாரு" என்றார்.

அவர் அதைச் சொன்ன அழகில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த மனிதர் சம்பந்தியாக வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. நாடகம் முடிந்தது. திரையின் மூலையில் நம்பர் போடுவான், முப்பதில் இருபத்தைந்தாம் பகுதி என்று போட்டான். ஞாயிறு நாடகம் கிடையாது, அடுத்தது திங்கட்கிழமைதான். கருமத்தம்பட்டியார் பெருமூச்சு விட்டு, "நாமளும் ஒரு ஆட்டம் போட்டுப் பாக்கலாங்களா?" என்றார். பலகை ஏது என்றேன். அவர் கொண்டுவந்த பெட்ஷீட்டை எடுத்துக் கட்டில்மேல் விரித்தார். கட்டமோ கட்டம், சீனாக்காரன் பலகையைவிட நேர்த்தியான கட்டம். கலாமணி சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்தில் வெள்ளை மொச்சையும் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, காப்பி எடுத்துவரப் போனாள்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, மொச்சைக் கிண்ணத்தில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, மூடிய கையைப் பெட்ஷீட் மேல் வைத்து, "சொல்லுங்க" என்றார்.

மச்சான், இவர் பூக் கேட்கிறார். மாசாணியம்மனைக் கும்பிட்ட கையோடு வந்து, என் வீட்டில் என் கட்டிலில் உட்கார்ந்து, ஆடி மாதம் என்று வாயால் பேசாமல், கையால் கேட்கிறார். நான் கண்ணை மூடினேன். குலதெய்வத்தை நினைத்து, என் மகள் இந்த வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அவர் இரண்டிரண்டாகத் தள்ளினார். கடைசியில் ஒரே ஒரு மொச்சை, பெட்ஷீட்டின் நீலக் கோட்டுக்கு ஓரமாக, ஜோடி இல்லாமல் தனியாக நின்றது. சின்ன மொச்சை, சுருக்கம் விழாத மொச்சை. அதைப் பார்த்ததும் முன்பின் தெரியாத ஊரில், தறிச் சத்தத்துக்கு நடுவில், என் கலாமணி தனியாக நிற்பதாகவே எனக்குத் தெரிந்தது. "ஆகாதுங்க" என்று வாயில் வந்துவிட்டது.

"என்னங்க ஆகாது?" என்றார்.

"இது ஆகாதுங்க. வேண்டாங்க, உட்டுருங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் கலாமணி இரண்டு டம்ளர் காப்பியோடு வாசற்படியில் நிற்கிறாள். கருமத்தம்பட்டியார் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். கையிலிருந்த மொச்சையைக் கிண்ணத்தில் போட்டார், துண்டை உதறித் தோளில் போட்டார், காப்பியைத் தொடவில்லை. போகும்போது கலாமணியிடம் மட்டும், "வாரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் தங்கை ஒரு டம்ளர் காப்பி அப்படியே ஆறிக் கிடப்பதைப் பார்த்து, "நம்மூட்டுல காப்பித்தண்ணி குடிக்காம ஒரு ஒறம்பரை போனதில்லீங்க. என்ன பண்ணிப்போட்டீங்க?" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சொன்னால் கலாமணிக்கு அது வாழ்க்கை முழுவதும் மனசில் கிடக்கும் அல்லவா.

இனி நான் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். நாடகத்தில் இந்த வாரம் கடைசி ஆட்டம். சனிக்கிழமையே பையனும் வயசாளியும் பெரிய மண்டபத்தில், ஊரே கூடியிருக்க, உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஆட்டத்துக்கும் பூக் கேட்டார்கள், ஒத்தைதான் வந்தது. வெள்ளிக்கிழமை முப்பதாம் பகுதியில் முடிவு. பையன் ஒத்தை வந்தும் ஜெயித்துவிட்டால், ஒத்தை ஒன்றும் பெரிய குற்றம் இல்லை என்று ஆகிவிடும், நான் சனிக்கிழமை காலையில் கருமத்தம்பட்டிக்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு உப்புச்சர்க்கரை மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை, யோசிக்கப் பயமாக இருக்கிறது. ஆகவே தாங்கள் அவர்களிடம் ஆகும் என்றும் சொல்லாமல் ஆகாது என்றும் சொல்லாமல் சனிக்கிழமை வரை இழுக்க வேண்டும். என்னை ஒரு சீன நாடகத்துக்காக மகளின் கல்யாணத்தை நிறுத்தி வைத்தவன் என்று நினைக்க வேண்டாம். நினைத்தாலும் வெளியே சொல்ல வேண்டாம்.

இதற்கும் ஒரு இடைஞ்சல் வந்துவிட்டது. ஆவணி ஒன்று புதன்கிழமை. அன்றைக்கே டிஷ் மெக்கானிக் கோயமுத்தூரிலிருந்து வருகிறான் என்று நாயுடு சொல்கிறார். அவன் டிஷ்ஷைத் திருப்பிவிட்டால் ஆமினா பீவியின் நாடகத்துப் பெண் படி இறங்கிவிடுவாள், என் பெண் கதி என்ன ஆவது. அதனால் நேற்று மத்தியானம் நாயுடுவும் அவர் வீட்டம்மா வெங்கடம்மாளும் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து, மோட்டார் ரூமிலிருந்து புதுத் தேங்காய் நார்க்கயிறு எடுத்துக்கொண்டு அவர்கள் மாடிக்கு ஏறினேன். காற்று வேட்டியைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் டிஷ்ஷையும் பிடித்து, பல்லால் கயிற்றைக் கடித்து, தண்ணீர்த் தொட்டியின் தூணோடு சேர்த்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, எருமைக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டேன். படம் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரிய வேண்டுமே. எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து, "அம்மணி, தெரியுதா?" என்று கத்தினேன்.

மற்ற நாளாக இருந்தால், "தெரியுதுங்கப்பா" என்று அடுத்த நொடியே வந்திருக்கும். மறுபடியும் கூப்பிட்டேன். ஜன்னலில் கலாமணியின் முகம் வந்தது, என்னைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது. மாடியில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். காற்றில் கண்ணில் தூசி விழுந்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயம் பார்த்து நாயுடு படியேறி வந்து, "ஏனுங்க, இங்க என்ன பண்றீங்க?" என்றார். "காத்துல ஆடுதுங்க, உழுந்துரப்போகுதேன்னு கட்டறனுங்க" என்றேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீதியில் இத்தனை பேர் தன்னைத் திட்டினார்கள், ஒருத்தராவது டிஷ்ஷுக்கு ஆபத்து வரும் என்று நினைத்தார்களா என்று கண் கலங்கினார். கீழே கூட்டிப்போய் முறுக்கும் காப்பியும் கொடுத்தார். அந்த முறுக்கு தொண்டையில் இறங்கவில்லை, இருந்தாலும் நான்கு தின்றேன். கயிறு தாங்கும். மெக்கானிக் கையில் கத்தி கொண்டுவருவானா என்பதுதான் இப்போதைய கவலை.

ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியைத் தள்ளிவைத்து, காரணம் எதுவும் சொல்லாமல் சமாளித்து, முக்கியமாக இந்தப் பக்கம் வராமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் வந்தால் உங்கள் தங்கைக்குப் பேச்சு வந்துவிடும். தெய்வாத்தாள் அக்காவுக்கு என் வணக்கம். அங்குள்ள சிறியவர்களுக்கு எங்கள் ஆசி, பெரியவர்களின் ஆசி எனக்கு அவசரமாகத் தேவை. மண்டியில் வியாபாரம் செழிக்கவும், தங்கள் வீட்டு டீவியில் எப்போதும் தமிழே தெரியவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கி. பாலுசாமி.

இன்று சுதந்திர தினம், தபால் ஆபீஸ் லீவு என்பது இவ்வளவும் எழுதி ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. நாளைக் காலையில் போடுகிறேன்.

பின்குறிப்பு, 16.8.94, செவ்வாய்க்கிழமை காலை:

மச்சான், ஒட்டியதைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியதில் எதையும் செய்துவிட வேண்டாம்.

நேற்று பொழுதோடு ஏழு மணிக்கு வாசலில் கார் சத்தம். கருமத்தம்பட்டியார் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பொண்ணு குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டமுங்க. எங்கூட்டு டீவீல அந்தச் சேனல் வரமாட்டேங்குதுங்க. கருமத்தம்பட்டி பூரா விசாரிச்சுப்போட்டேன். அந்தப் பையன் என்ன ஆனான்னு தெரியாம எனக்குத் தறிக்கொட்டாய்ல நிக்கவே முடியலீங்க. பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். இருபத்தாறாம் பகுதி முடிந்ததும் அவர், "இப்பக் கேக்கறேனுங்க. அன்னிக்கு என்னதானுங்க ஆகாதுன்னீங்க?" என்றார். எனக்கு இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது. பூக் கேட்டது, ஒத்தை வந்தது, தனியாக நின்ற மொச்சை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சமையலறையிலிருந்து உங்கள் தங்கை கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏனுங்க, சீர்த்தட்டு எடுக்கறப்ப அஞ்சு, ஏழு, ஒம்போதுன்னு ஒத்தைப்படையாத்தானுங்களே எடுக்கறோம்? ரெட்டைப்படையா எந்த நல்ல காரியத்துக்கு எடுத்திருக்கறோம்? ஒத்தை வந்தா நல்லதுன்னு கூடவா தெரியாது?" என்றாள். என் கல்யாணத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒன்பது தட்டு வந்ததை நானே எண்ணிப் பார்த்தவன். இந்த ஒரு மாதத்தில் எனக்கு அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

கலாமணி மெதுவாக, "அது பூக் கேக்கறதே இல்லீங்கப்பா. கைக்குள்ள ஒத்தையா ரெட்டையான்னு சொல்லச் சொல்லி, யாருக்கு வெள்ளை, யாருக்குக் கருப்புன்னு பாக்கறது. எண்ணி முடிச்சதும் கிண்ணத்தை மாத்திக்கறாங்களே, பாத்ததில்லீங்களா?" என்றாள். நான் அந்த நேரம் எப்போதும் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள். கருமத்தம்பட்டியார், "நானும் அதுக்குத்தானுங்க கையை நீட்டுனேன். மொச்சை எனக்கு வேணும்னு ஒரு ஆசை" என்றார்.

உடனே பெட்ஷீட் விரித்தோம். மொச்சை எனக்குத்தான் வந்தது. அரைமணி நேரத்தில் அந்த மனிதர் என்னை மூன்று பக்கமும் வளைத்துவிட்டார். எனக்குக் கிணறு ஒன்றுதான் இருந்தது, அடுத்த காயில் அதையும் அடைத்துவிடுவார் என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து ஒரு மொச்சையை எடுத்து டக்கென்று வைத்தது.

"ரெண்டு கெணறு ஆச்சுங்கப்பா. இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் கலாமணி.

"இது கள்ளாட்டமுங்க. எங்கூட்டுக்கு வரப்போற புள்ள எனக்கெதிரா வெக்கலாமா?" என்றார் அவர்.

"இன்னும் வரலீங்களே மாமா" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் மொச்சையும் புளியங்கொட்டையும் கலைந்துபோயின. காப்பி இரண்டு டம்ளர் குடித்தார், உங்கள் தங்கை சனிக்கிழமைக் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தாள்.

நான் மட்டும் கொஞ்ச நேரம் அந்தப் பெட்ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலாமணி போவதை நினைத்துத்தான் இந்த ஒரு மாதமும் பயந்திருக்கிறேன், சாமியைச் சும்மா இழுத்துவிட்டேன். இனி அவளுக்குக் கிணறு ஒன்று இங்கே, ஒன்று கருமத்தம்பட்டியில். அவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்ததும்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மற்றதை உங்கள் தங்கை போனில் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் விட்ட ஒன்றுக்காகவே இதை உடுமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உப்புச்சர்க்கரையைத் தள்ளிவைக்க வேண்டாம், முன்னால் கொண்டுவாருங்கள். பொழுதோடு ஏழு மணி என்பதை மாற்றிக் காலையில் ராகு காலத்துக்கு முன் ஒன்பதரைக்கு வைத்தால் எல்லாருக்கும் வசதி, கருமத்தம்பட்டியாரும் இதையேதான் சொல்கிறார். அவர்கள் வீட்டு ஒறம்பரை முழுவதும் பொழுதோடு வரை இங்கேயே இருந்து ஏழு மணிக்கு டீவி பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நாளை வருகிற டிஷ் மெக்கானிக்கை பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துத் தன் காரில் ஏற்றிக் கருமத்தம்பட்டிக்குக் கொண்டுபோய், தன் வீட்டில் ஒரு டிஷ் வைக்கச் சொல்லி வெள்ளி வரை உட்கார வைத்துவிடுவதாகவும் சம்பந்தி சொல்லியிருக்கிறார்.

நாடகத்தின் முடிவு எப்படிப் போனாலும் கல்யாணம் நிச்சயம், இதில் இனி மாற்றம் இல்லை. இருந்தாலும் தாங்களும் அக்காவும் கோயிலுக்குப் போகும்போது, அந்தப் பையன் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளவும்.